பெயர்ப் பட்டியலுக்கு முன்னால் ஒரு வீடு வேண்டும்

உங்கள் கேள்வி இது: டொராண்டோவில் உள்ள ஆப்பிரிக்க, கரீபிய ஓவிய நண்பர்களோடு சேர்ந்து, உலகெங்கும் இருக்கும் ஆப்பிரிக்க வம்சாவளிக் காட்சிக் கலைஞர்களை இணைக்கும் அமைப்பு ஒன்றைத் தொடங்கப்போகிறீர்கள். முதலில் ஓர் இணையதளம், அதில் கலைஞர்களின் பெயர்ப் பட்டியல், பிறகு ஆண்டுக்கொரு பெரிய கண்காட்சி என்பது திட்டம். இது போதுமா, இதற்கு முன் யாராவது இப்படிச் செய்திருக்கிறார்களா என்று கேட்கிறீர்கள்.

செய்திருக்கிறார்கள். எழுபது ஆண்டுகளாகச் செய்துகொண்டே இருக்கிறார்கள். அவர்கள் பட்ட பாட்டைப் பார்த்து நான் வந்து சேர்ந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பட்டியலையும் பெரிய கண்காட்சியையும் கடைசிக்குத் தள்ளுங்கள். வந்து இறங்கும் கலைஞர் தங்கி வேலை செய்ய ஓர் இடம், அவர் வந்துபோனதற்கு எழுத்தில் ஒரு பதிவு, அவர் வந்து சேர்வதற்கான பயணச் செலவு: இந்த மூன்றும் இருந்த இடங்களில்தான் உறவுகள் நிலைத்தன. இவை இல்லாத இடங்களில் கோடிக்கணக்கில் செலவழித்தும் விழா முடிந்த மறுநாளே எல்லாம் கலைந்துபோயின.

நைஜீரியாவின் இபாடான் நகரத்திலிருந்து தொடங்குகிறேன். 1961இல் அங்கே எம்பாரி என்ற பெயரில் ஒரு சங்கம் உருவானது. வோலே சோயிங்கா, சினுவா அச்செபே, கிறிஸ்டோஃபர் ஒகிக்போ போன்ற இளம் எழுத்தாளர்களும், உல்லி பையர் என்ற ஜெர்மானியரும் அதன் பின்னால் இருந்தார்கள். இடம் என்று பார்த்தால் சந்தைப் பக்கத்தில் லெபனான்காரர் ஒருவர் நடத்திவந்த பழைய உணவகம், அவ்வளவுதான். அதன் முற்றத்தில் நாடகம் நடந்தது, சுவர்களில் படங்கள் தொங்கின. நைஜீரியர்களான உச்சே ஒகேகே, டெமாஸ் ந்வோகோ, சூடானின் இப்ராஹிம் எல் சலாஹி, மொசாம்பிக்கின் மலங்கட்டானா ஆகியோரின் ஓவியங்கள் அங்கே வந்தன. ஆங்கிலேயர் ஆண்ட நாட்டு ஓவியரும் போர்த்துகீசியர் ஆண்டுகொண்டிருந்த நாட்டு ஓவியரும் ஒருவர் படத்தை இன்னொருவர் பார்க்க வேண்டுமென்றால், அதற்கு முன்பு லண்டனுக்கோ பாரிஸுக்கோதான் போக வேண்டியிருந்தது.

1962இல் அமெரிக்காவிலிருந்து ஜேக்கப் லாரன்ஸ் வந்தார். தெற்கு மாநிலங்களிலிருந்து வடக்கு நகரங்களுக்குக் கறுப்பின மக்கள் பெயர்ந்து சென்ற வரலாற்றை வரிசை ஓவியங்களாகத் தீட்டி, இளவயதிலேயே பெயர்பெற்றவர். அந்தப் படங்களில் சில எம்பாரியில் காட்சிக்கு வைக்கப்பட்டன. கண்காட்சிக்காக வந்தவர் வந்தோம் போனோம் என்று இருந்துவிடவில்லை. 1964இல் தன் மனைவியும் ஓவியருமான க்வெண்டலின் நைட்டோடு திரும்பி வந்து, நைஜீரியாவில் எட்டு மாதங்கள் தங்கினார். அந்த எட்டு மாதங்களில் அவர் வரைந்த சந்தைக் காட்சிகளைப் பாருங்கள். துணிகளின் வடிவங்களும் தலைச்சுமைகளும் கூட்டமும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, கண் ஊன்றி நிற்க இடமில்லாதபடி படம் நிறைந்திருக்கும். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வரைந்த படங்களில் இருந்த வெற்று வெளிகள் இவற்றில் இல்லை. ஒரு கண்காட்சிக்கு வந்து மூன்று நாளில் திரும்பியிருந்தால் இந்த மாற்றம் வந்திருக்காது. வலைப்பின்னல் என்று நாம் பொதுவாகப் பேசும் சொல்லுக்கு என் மனதில் வரும் உருவம் இந்தச் சந்தை ஓவியங்கள்தான்.

எம்பாரியைப் பற்றிச் சொல்லும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. சங்கத்துக்கு வந்த பணத்தில் ஒரு பகுதி, பாரிஸில் இருந்த பண்பாட்டுச் சுதந்திரப் பேரவை என்ற அமைப்பு வழியாக வந்தது. அந்தப் பேரவைக்குப் பின்னால் அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏ இருந்தது 1966, 67ஆம் ஆண்டுகளில் அம்பலமானது. லாரன்ஸின் முதல் பயணத்தை ஏற்பாடு செய்த அமெரிக்க அமைப்புக்கும் அதே ஊற்றிலிருந்துதான் பணம் வந்திருக்கிறது. எழுத்தாளர்களும் ஓவியர்களும் இதை அறியாமல் இருந்தார்கள், அறிந்தபோது கொதித்தார்கள். இதனால் எம்பாரியில் நடந்த வேலையின் மதிப்பு குறையவில்லை என்பது என் எண்ணம். ஆனால் உங்கள் அமைப்புக்கு யார் பணம் தருகிறார்கள், அவர்களுக்கு எங்கிருந்து வருகிறது என்பதை முதல் நாளிலிருந்தே உறுப்பினர்களுக்குத் தெரியும்படி எழுதி வையுங்கள். பின்னால் தெரியவந்தால் நம்பிக்கை உடைந்துவிடும்.

அடுத்து, பெருவிழாக்கள். 1956இல் பாரிஸின் சோர்போன் பல்கலைக்கழகத்தில் கறுப்பின எழுத்தாளர், கலைஞர் மாநாடு கூடியது. அலியூன் தியோப் நடத்திய பிரசான்ஸ் ஆஃப்ரிக்கேன் இதழ் அதைக் கூட்டியது. 1966இல் செனகல் அதிபர் செங்கோர், டக்காரில் முதல் உலகக் கறுப்பினக் கலை விழாவை நடத்தினார். பிரேசிலின் ருபேம் வலென்டிம் வரைந்த படங்களும் அங்கே வந்தன. மேற்கு ஆப்பிரிக்காவின் யொருபா மக்கள் வணங்கும் தெய்வங்களின் கோடரி, அம்பு போன்ற சின்னங்களைத் தூய வடிவக் கணிதமாக மாற்றியவர் அவர். அடிமைக் கப்பல்களில் ஏறத்தாழ 48 லட்சம் ஆப்பிரிக்கர்கள் பிரேசிலில் மட்டும் இறக்கப்பட்டார்கள். அவர்கள் கொண்டுசென்ற தெய்வங்கள் ஒரு பேரப்பிள்ளையின் தூரிகை வழியாகக் கடலைத் தாண்டித் திரும்பி வந்தது சின்ன விஷயமா?

இவற்றையெல்லாம் விஞ்சியது 1977 ஜனவரி 15 முதல் பிப்ரவரி 12 வரை லாகோஸில் நடந்த விழா. ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட கலைஞர்கள் வந்தார்கள். நைஜீரியாவின் கையில் எண்ணெய்ப் பணம் புரண்ட காலம் அது. விழாச் சின்னமாக, இன்றைய நைஜீரியாவில் இருந்த பெனின் அரசின் அரசி இடியாவின் யானைத்தந்த முகமூடியைத் தேர்ந்தெடுத்தார்கள். 1897இல் ஆங்கிலேயப் படை பெனினைச் சூறையாடி எடுத்துச்சென்றது அது. இருந்த இடம் பிரிட்டிஷ் அருங்காட்சியகம். விழாவுக்காக ஒரு மாதம் கொடுங்கள் என்று கேட்டும் தரவில்லை. பிரதி ஒன்றைச் செய்துதான் விழாவை நடத்தினார்கள். தன் வீட்டுப் பொருளை இரவல் கேட்டு, அதுவும் கிடைக்காமல் போன அந்தச் செய்தி, வந்திருந்த ஒவ்வொரு கலைஞருக்கும் தைத்தது.

அந்த மாபெரும் கூட்டத்தில் யார் யாரைச் சந்தித்தார்கள், என்ன பேசினார்கள் என்பதற்கு ஒழுங்கான பதிவு கிடையாது. அமெரிக்கக் குழுவின் புகைப்படக்காரராகச் சென்ற மேரிலின் நான்ஸ் அப்போது இருபத்து மூன்று வயதுப் பெண். ஏறத்தாழ 1,500 படங்கள் எடுத்தார். அவை நூலாக வந்தது 2022இல்! நாற்பத்தைந்து ஆண்டுகள் ஒரு தனிப் பெண்ணின் வீட்டில் அந்த வரலாறு காத்திருந்தது. கேப் டவுனின் சிமுரெங்கா குழுவினர் 2019இல் அந்த விழாவைப் பற்றித் தொகுத்த பெரிய நூலுக்கும் உலகம் முழுக்கத் துழாவித்தான் தாள்களைச் சேர்க்க வேண்டியிருந்தது. அரசு பணம் கொடுத்தது, அரங்கம் கட்டியது. விழாவின் கோப்புகளைக் காக்க லாகோஸில் பிறகு ஒரு மையத்தையும் அமைத்தது. ஆனாலும் கலைஞர்களின் சந்திப்புகளைச் சொல்லும் பதிவுகள் பலர் வீடுகளில் சிதறியே கிடந்தன. ஆண்டுக்கொரு கண்காட்சி என்ற உங்கள் திட்டத்தைப் படித்ததும் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது.

பதிவு என்ற வேலையை இதழ்கள் எடுத்துச் செய்தன. பாரிஸில் 1991 முதல் பத்தாண்டுகள் வந்த ரெவ்யூ நுவார், பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் அச்சாகி, ஆப்பிரிக்கப் புகைப்படக்காரர்களையும் ஓவியர்களையும் ஊர் ஊராக அறிமுகம் செய்தது. 1994இல் ஒக்வுயி என்வேசோர், சலாஹ் ஹசன், ஒலு ஒகிபே மூவரும் அமெரிக்காவில் ‘ந்கா’ இதழைத் தொடங்கினார்கள். அப்போது என்வேசோருக்கு எந்த அருங்காட்சியகத்திலும் பதவி கிடையாது. கவிதை எழுதிக்கொண்டிருந்த நைஜீரிய இளைஞர். எட்டே ஆண்டுகளில், 2002இல், ஜெர்மனியின் காசல் நகரத்தில் நடக்கும் டாக்குமென்டா கண்காட்சியைப் பொறுப்பேற்று நடத்திய முதல் ஆப்பிரிக்கர் ஆனார். கண்காட்சிக்கு முன்பே அதன் உரையாடல்களைப் பிரித்து வியன்னா, புது தில்லி, செயின்ட் லூசியா, லாகோஸ் என்று ஊர்களுக்கு எடுத்துச்சென்றார். இதழ் நடத்திச் சேர்த்த தொடர்புகளும் வாசிப்பும் இல்லாமல் இது நடந்திருக்காது. இன்று பெர்லினிலிருந்து 2013 முதல் இயங்கும் கன்டெம்பரரி அண்ட் இதழ் இந்த வேலையைத் தொடர்கிறது. இலத்தீன் அமெரிக்காவுக்கென்று தனிப் பதிப்பும் வைத்திருக்கிறது. மொழி இங்கே பெரிய சுவர். ஆங்கிலத்தில் மட்டும் நடத்தினால் பிரேசில், ஹைத்தி, அங்கோலா, கியூபா, செனகல் எல்லாம் வெளியே நின்றுவிடும். பிரெஞ்சு, போர்த்துகீசியம், ஸ்பானிஷ் மூன்றுக்கும் மொழிபெயர்ப்பாளர் ஊதியத்தை இப்போதே கணக்கில் சேருங்கள்.

இனி நான் மிகவும் மதிக்கும் ஒரு முறையைச் சொல்கிறேன். 1982இல் சிற்பி ஆன்டனி கேரோவும் ராபர்ட் லோடரும் நியூயார்க் மாநிலத்தில் ட்ரையாங்கிள் என்ற பட்டறையைத் தொடங்கினார்கள். ஏற்பாடு மிக எளிது. இருபது, இருபத்தைந்து கலைஞர்கள், இரண்டு வாரம், ஒரே கூரை. பாதிப் பேர் உள்ளூர், பாதிப் பேர் வெளியூர். எதையும் விற்க வேண்டாம், முடிக்கவும் வேண்டாம். கடைசி நாள் கதவைத் திறந்துவிட்டு, ஊர் மக்களை உள்ளே அழைப்பார்கள். தென்னாப்பிரிக்காவிலிருந்து அங்கே போய்வந்த டேவிட் கொலோவானேயும் பில் ஐன்ஸ்லியும் 1985இல் ஜோகன்னஸ்பர்க் பகுதியில் தூப்பேலோ பட்டறையைத் தொடங்கினார்கள். அது நிறவெறிச் சட்டங்கள் நடப்பில் இருந்த காலம். கறுப்பின ஓவியருக்கு நல்ல கலைப்பள்ளியும் கிடையாது, பெரிய துணி விரித்து வரைய இடமும் கிடையாது. தகரக் குடியிருப்பின் சிறு அறையில் முழங்கால்மேல் பலகை வைத்து வரைந்தவர்களுக்கு அந்த இரண்டு வாரம் முழுச் சுவரும் வாளி வாளியாக வண்ணமும் கிடைத்தன. தனித்தனி இனம், தனித்தனி ஊர் என்று பிரித்துவைக்கப்பட்டவர்கள் ஒரே கூடத்தில் உண்டு உறங்கி வேலை செய்தார்கள்.

அந்தப் பொறி அங்கிருந்து பரவியது. ஜிம்பாப்வே, போட்ஸ்வானா, மொசாம்பிக், ஜாம்பியா என்று பட்டறைகள் கிளைத்தன. 1991இல் ஜோகன்னஸ்பர்க்கின் ஃபோர்ட்ஸ்பர்க் பகுதியில் ஒரு பழைய பை ஆலையை வாங்கிக் கலைஞர்களுக்கான வேலைக்கூடங்களாக மாற்றினார்கள். இன்றும் அதற்குப் பெயர் பை ஆலைதான். 1997இல் இந்தியாவில் கோஜ், 2000இல் கொழும்பில் தீர்த்த என்று தெற்காசியாவிலும் இதே முறை வேர்பிடித்தது. நம் பக்கத்து ஓவியர்கள் சிலர் ஆப்பிரிக்க ஓவியர்களோடு நேரடியாகப் பழகியது இந்த வழியில்தான். இவ்வளவு ஊர்களுக்கும் தலைமை அலுவலகம் என்று ஒன்று உத்தரவு போடவில்லை. ஒவ்வொரு ஊரும் தன் பெயரில், தன் வசதிக்கேற்ப நடத்தியது; வந்து போன ஆட்கள் வழியாக முறை மட்டும் கை மாறியது. உங்கள் அமைப்புச் சட்டத்தை எழுதும்போது இதை மனதில் கொள்ளுங்கள். கிளைகள் வேண்டாம், கூட்டாளிகள் போதும்.

லாகோஸில் பிசி சில்வா செய்தது இதைவிடச் சற்று வேறு. 2007இல் அவர் ஒரு சமகாலக் கலை மையத்தைத் தொடங்கினார். அதன் உயிர் நூலகம். ஆப்பிரிக்கக் கலைப் புத்தகங்களை அந்த ஊரிலேயே எடுத்துப் படிக்க ஒரு இடம் வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் சேர்த்தார். 2010இல் ஆசிக்கோ என்ற நடமாடும் பள்ளியை ஆரம்பித்தார். ஏறத்தாழ ஒரு மாதம் நடக்கும். முதலில் லாகோஸ், பிறகு அக்ரா, டக்கார், மபூட்டோ, அடிஸ் அபாபா என்று ஊர் மாறிக்கொண்டே போனது. கலைஞர்களையும் கண்காட்சிகளைத் தொகுக்கும் கியூரேட்டர்களையும் ஒன்றாக உட்காரவைத்து, செய்த வேலையைக் கண்டிப்பாக விவாதித்து, வாசித்து, மறுபடி செய்யச் சொன்னார். அந்தக் கண்டிப்பை அங்கே படித்தவர்கள் இன்றும் சொல்லிச் சொல்லி நினைவுகூர்கிறார்கள். 2019 பிப்ரவரியில் அவர் காலமானார். அடுத்த மாதமே என்வேசோரும் போனார். 2025 மே மாதம், டக்காரில் ரா மெட்டீரியல் கம்பெனி என்ற கலை மையத்தை நிறுவியவரும், வெனிஸ் பினாலே என்ற கலைக் கண்காட்சியின் 2026 பதிப்புக்குப் பொறுப்பேற்றவருமான கோயோ குவோவும் மறைந்தார். மூவரும் ஐம்பதுகளில் இருந்தவர்கள். இந்த வேலை ஒரு சிலர் தோளில் எவ்வளவு பாரமாக அமர்ந்திருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது. நிறுவியவர் இல்லாதபோது கதவைத் திறப்பது யார் என்று முதல் ஆண்டிலேயே முடிவு செய்யுங்கள். இரண்டாவது சாவி இன்னொருவர் கையில் இருக்கட்டும்.

கரீபியத் தீவுகளைப் பற்றி உங்கள் நண்பர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். ஆனாலும் டிரினிடாட்டின் தலைநகரம் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் உள்ள ஆலிஸ் யார்டைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. கட்டடக் கலைஞர் ஷான் லெனர்டின் கொள்ளுப்பாட்டி ஆலிஸ் வாழ்ந்த வீட்டின் கொல்லைப்புறம்; பெயர் வந்தது அப்படித்தான். 2006இல் அவரும் ஓவியர் கிறிஸ்டோஃபர் கோசியரும் எழுத்தாளர் நிக்கலஸ் லாஃப்லினும் அதைக் கலைஞர்களுக்குத் திறந்துவிட்டார்கள். ஒரு சிறிய கண்ணாடி முகப்புக் காட்சி அறை, தங்க ஒரு அறை, இசைக்குழுக்கள் பயிற்சி செய்ய ஓர் இடம். பெரிய நிதி எதுவும் இல்லாமலேயே நடந்தது. 2022இல் டாக்குமென்டாவுக்கு அவர்களை அழைத்தார்கள். பார்படோஸில் ஆனலி டேவிஸ் 2011இல் ஃப்ரெஷ் மில்க் என்ற களத்தைத் தொடங்கியது ஒரு பால் பண்ணையில். 2015இல் கரீபியக் கலை இடங்களை நடத்துபவர்கள் பலர் அங்கேதான் கூடி ஒன்றாகப் பேசினார்கள். ஒரே கடலில் இருக்கும் தீவுகள் அவை. ஆனால் ஒன்று ஆங்கிலேயருடையதாக, ஒன்று பிரெஞ்சுக்காரருடையதாக, ஒன்று டச்சுக்காரருடையதாக இருந்ததால் பக்கத்துத் தீவின் ஓவியர் பெயர்கூடத் தெரியாமல் வளர்ந்தவர்கள் அதிகம்.

சந்தை பற்றிக் கேட்கவில்லை. ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. கானாவின் அமோவாகோ போவாஃபோ வரைந்த ஓவியம் ஒன்று 2020 பிப்ரவரியில் லண்டன் ஏலத்தில் 6,75,000 பவுண்டுக்குப் போனது. ஏலத்துக்கு முன் சொல்லப்பட்ட மதிப்பு 30,000 முதல் 50,000 பவுண்டு வரைதான். மறுவிற்பனையில் எகிறிய அந்தத் தொகையெல்லாம் முன்பே வாங்கி வைத்திருந்தவருக்கும் ஏல நிறுவனத்துக்குமே போகும். படைத்தவருக்கு மறுவிற்பனைப் பங்கு தரும் சட்டம் பல நாடுகளில் உண்டு என்றாலும் அமெரிக்கா போன்ற பெரிய சந்தையில் கிடையாது. போவாஃபோ தனக்குக் கிடைத்ததைக் கொண்டு 2022இல் அக்ராவில் மற்றக் கலைஞர்கள் தங்கிப் பணியாற்ற ஒரு கட்டடமே எழுப்பினார். இப்ராஹிம் மஹாமா தன் ஊரான டமாலேயில் கலைக்கூடங்களும் பழைய விமானங்களில் வகுப்பறைகளும் அமைத்திருக்கிறார். ஆசியாவில் நெய்யப்பட்டு, கானாவில் கோகோ சுமந்து, பிறகு கரி மூட்டையாகித் தேய்ந்த சணல் சாக்குகளைத் தைத்துக் கட்டடங்களைப் போர்த்தியவர் இவர். அமெரிக்க ஓவியர் கெஹிண்டே வைலி டக்காரிலும் பிரிட்டிஷ் நைஜீரியக் கலைஞர் யின்கா ஷோனிபாரே நைஜீரியாவிலும் கலைஞர்கள் தங்கிப் பணியாற்றும் இல்லங்கள் நடத்துகிறார்கள். இந்தத் தலைமுறை சம்பாதித்ததை இப்படி வீடாக மாற்றுவதைப் பார்க்கும்போது, அவர்களும் அதே பாடத்தைக் கற்றிருக்கிறார்கள் என்று தெரிகிறது. உங்கள் அமைப்பு புதிதாக வீடு கட்ட வேண்டிய தேவையே இல்லை. இந்த இல்லங்களுக்கு நடுவே வழி போட்டாலே போதும்.

ஒரு பக்கம் மட்டும் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது: இந்தியப் பெருங்கடல். ஆப்பிரிக்க வம்சாவளி என்றாலே அட்லாண்டிக்கைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் ஹளியாள், எல்லாப்பூர் வட்டாரங்களில் சித்தி மக்கள் வாழ்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து பல நூற்றாண்டுகளில் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். அந்தப் பெண்கள் பழைய சேலை, சட்டைத் துண்டுகளை ஒட்டித் தைக்கும் போர்வைக்குக் கவந்தி என்று பெயர். ஓரத்திலிருந்து தொடங்கி, சுற்றிச் சுற்றி நடுவை நோக்கித் தையல் ஓடும். நான்கு மூலைகளிலும் துணியை முக்கோணமாக மடித்து அடுக்கி ‘பூலா’ வைப்பார்கள். பூ என்று பொருள். பூலா இல்லாத கவந்தி அம்மணமாக இருக்கிறது என்பார்கள். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கறுப்பினப் பெண்கள் தைக்கும் ஒட்டுப்போர்வைகள் பெரிய அருங்காட்சியகங்களில் தொங்குகின்றன. கவந்திகளும் அமெரிக்கக் காட்சிக்கூடங்களுக்குப் போயிருக்கின்றன. ஆனால் தைத்த பெண்களும் அலபாமாவின் பெண்களும் ஒரே பாயில் உட்கார்ந்து ஒருவர் தையலை ஒருவர் தொட்டுப்பார்க்கும் நாளைத்தான் நான் ஆசையோடு நினைத்துக்கொள்கிறேன். நீங்கள் அழைக்கும் முதல் பத்துப் பேரில் ஒருவர் அந்த ஊர்களிலிருந்து வரட்டும்.

பயணத்துக்கு வருகிறேன். பெரும்பாலான திட்டங்கள் முறிவது இங்கேதான். கிங்ஸ்டனிலிருந்து அக்ராவுக்குப் போகிறவர் நியூயார்க் அல்லது லண்டனைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும்; அதற்கு இடைவழி விசா வேறு கேட்பார்கள். ஆப்பிரிக்கர்கள் எல்லோருக்கும் விசா வேண்டாம் என்று அறிவித்த நாடுகள் ருவாண்டா, பெனின், காம்பியா, செஷல்ஸ் போன்ற சிலவே. கூட்டம் கூட்டுவதென்றால் நகரத்தின் புகழைப் பார்க்காமல் இதைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுங்கள். படைப்புகளை அனுப்புவது அதைவிடத் தலைவலி. கண்காட்சிக்குப் போய்த் திரும்பும் பொருளுக்குச் சுங்க வரி இல்லாமல் செய்யும் ஏடிஏ கார்னே என்ற ஆவணத்தை மிகச் சில ஆப்பிரிக்க நாடுகளே ஏற்கின்றன. எல் அனட்சுயி மதுப்புட்டி மூடிகளைச் செம்புக் கம்பியால் கோத்துச் செய்யும் பிரம்மாண்டமான திரைகள், துணிபோல மடிந்து பெட்டிக்குள் அடங்கிவிடும். நைஜீரியாவின் என்சுக்காவில் உட்கார்ந்துகொண்டு உலகத்துச் சுவர்களையெல்லாம் அவர் நிறைத்ததற்கு அந்த மடிப்பும் ஒரு காரணம் என்பேன். மற்றவர்களிடம் படைப்பைக் கேட்காமல் ஆளை வரச் சொல்லுங்கள், அங்கேயே செய்யட்டும்.

அழைப்புக் கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தூதரகத்துக்குப் போகும் கடிதத்தில் கலைஞரின் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். தங்கும் முகவரி, வரும் நாள், திரும்பும் நாள், செலவை யார் ஏற்கிறார்கள் என்பதெல்லாம் வேண்டும்; அந்த நாட்டு மொழியில் ஒரு பிரதியும் வேண்டும். குறைந்தது மூன்று மாதம் முன்பே அனுப்புங்கள். விசாக் கட்டணத்தையும் டிக்கெட்டையும் நீங்களே முன்கூட்டி வாங்கிக் கொடுங்கள். பில்லை அனுப்புங்கள், பிறகு திருப்பித் தருகிறோம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். லாகோஸிலோ போர்ட் ஓ பிரின்ஸிலோ இருக்கும் இருபத்தைந்து வயது ஓவியருக்கு அந்தத் தொகையைக் கடனாகப் புரட்ட ஆள் கிடையாது. அவர் மரியாதையாக வர இயலவில்லை என்று பதில் போட்டுவிடுவார். ஏன் என்று உங்களுக்குக் கடைசிவரை தெரியாது.